கழித்தபின் மிஞ்சும் ஒளி

தை மாத இரண்டாம் வாரத்தில், நிலவில்லாத இரவில், போடிநாயக்கனூரின் வானத்தில் இரண்டு விண்மீன் கொத்துகள் அடுத்தடுத்து உச்சியை நெருங்குகின்றன. இரவு எட்டு மணியளவில் கார்த்திகை. பத்தரை மணியளவில், திருவாதிரைக்குக் கிழக்கே ஏறத்தாழப் பத்துப் பாகை தள்ளி, என்ஜிசி 2244 என்ற பட்டியல் எண்ணால் அறியப்படும் சிறு கொத்து. கார்த்திகையில் வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள் தெரியும். இரண்டாவது கொத்து நல்ல இருளில் மங்கலான ஒரு தடமாகத் தெரியும். விண்முகில், அதாவது நெபுலா, இரண்டிலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால் ஒரு சிறு தொலைநோக்கியின் பின்னால் கேமராவைப் பொருத்தி, சில மணி நேர ஒளியைச் சேர்த்து எடுத்த படத்தில் கார்த்திகையைச் சுற்றி நீல இழைகள் ஓடுகின்றன; மற்றதைச் சுற்றி முழுநிலவின் அகலத்தைப் போல இரண்டரை மடங்குக்கு விரிந்த செந்நிற வளையம் நிற்கிறது. அதன் பெயர் ரோசெட் நெபுலா. கண் சொல்வதும் கேமரா சொல்வதும் இவ்வளவு முரண்பட்டால் எதை நம்புவது? படம் என்பது கணக்குப் போட்டு வரவழைத்தது, ஆகவே அது பாதி புனைவு என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டு வரவழைத்தது என்பது உண்மை. அதனால்தான் அதை நம்பலாம் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், பிழையிருந்தால் பிடிபடும். கண் கண்டதாகச் சொல்வதை அப்படிச் சரிபார்க்க வழியில்லை.

முதலில் கண்ணின் எல்லையைப் பார்ப்போம். பெரிய தொலைநோக்கி வழியாகப் பார்த்தால் விண்முகில் பளிச்செனத் தெரியும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. விண்மீனுக்கு அது பொருந்தும்: அது எவ்வளவு உருப்பெருக்கினாலும் புள்ளியாகவே இருப்பதால், பெரிய வில்லை சேர்க்கும் ஒளியெல்லாம் அந்தப் புள்ளியிலேயே விழுகிறது. விண்முகில் பரப்புடைய பொருள். தொலைநோக்கி அதன் ஒளியை எத்தனை மடங்கு கூடுதலாகச் சேர்க்கிறதோ, அதற்கேற்ப உருவத்தையும் விரித்துவிடுகிறது. எனவே ஒரு சதுரப் பாகைக்குள் தெரியும் வெளிச்சம் வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிட ஒருபோதும் கூடுவதில்லை. தொலைநோக்கி விண்முகிலைப் பெரிதாக்கித் தரும், பிரகாசமாக்கித் தராது. கண்ணுக்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. மங்கலான ஒளியில் வேலை செய்யும் விழித்திரைக் கோல்செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. அவை ஒளியைச் சேர்த்துவைப்பதும் நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே. அதன்பின் பழையது போய்ப் புதியது வருகிறது. ஐந்து நிமிடம் திறந்திருக்கும் கேமரா அதைவிட மூவாயிரம் மடங்கு நேரம் ஒளியைச் சேர்த்துவைக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது இல்லாததாகிவிடாது என்பதற்கு இந்த எண்ணே போதிய காரணம். ஆனால் இருக்கலாம் என்பது வேறு, இருக்கிறது என்பது வேறு. அதற்குச் சான்று வேண்டும்.

அந்தச் சான்று 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று 51 நிமிட ஒளியேற்றத்தில் ஓரியன் நெபுலாவைப் படமெடுத்தார். ஒரு விண்முகிலின் முதல் புகைப்படம் அதுவே. 1883இல் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் 36 அங்குலக் கண்ணாடியால் எடுத்த படம், அதுவரை எந்த ஓவியரும் வரைந்து காட்டாத பகுதிகளையும் காட்டியது. ஆனால் கார்த்திகையின் கதைதான் நம் கேள்விக்கு நேரடியாக விடை தருகிறது. வெனிஸ் நகரில் 1859இல் வில்ஹெல்ம் டெம்பல் நான்கு அங்குலத் தொலைநோக்கியில் மெரோப்பி என்ற கார்த்திகை மீனைச் சுற்றி மங்கலான முகில் ஒன்றைக் கண்டதாக அறிவித்தார். சிலர் தாங்களும் கண்டோம் என்றனர். அதைவிடப் பெரிய கருவி வைத்திருந்தவர்கள் சிலர் அங்கே ஒன்றுமில்லை என்றனர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கு நீண்டது. காரணம், ஒருவரின் கண்ணை இன்னொருவர் கடன் வாங்க முடியாது. 1885 நவம்பரில் பாரிஸின் பால், பிராஸ்பர் ஹென்றி சகோதரர்கள் எடுத்த புகைப்படத் தட்டில் மாயா என்ற வேறொரு கார்த்திகை மீனை ஒட்டி யாரும் எதிர்பாராத ஒரு முகில் பதிந்திருந்தது. தட்டின் பழுதாக இருக்கலாமே என்ற ஐயம் இயல்புதான். சில மாதங்களில் ரஷ்யாவின் புல்கோவோ வானாய்வகத்தில் புதிதாக அமைந்த 30 அங்குலத் தொலைநோக்கியில், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு தேடியபோது, அதே இடத்தில் அந்த முகில் கண்ணுக்கும் அகப்பட்டது. புகைப்படம் முன்கூட்டிச் சொன்னது. கண் பின்னால் வந்து சாட்சி சொன்னது.

இங்கே ஒரு கூர்மையான மறுப்பு எழும். பிரகாசமான மீனைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதற்கு விண்முகில் தேவையில்லை. வில்லையில் பனி படிந்தாலே போதும். ஏலத்தோட்டங்கள் நிறைந்த சரிவுகளில் இது கற்பனை மறுப்பும் இல்லை. ஏலச்செடிக்கு நிழலும் ஈரப்பதமும் வேண்டும்; அந்த ஈரமே இரவில் குளிர்ந்த கண்ணாடியில் வந்து படிகிறது. முன்வில்லையைச் சுற்றி வெப்பப் பட்டை கட்டாமல் எடுத்த படத்தில் எல்லா மீன்களுக்கும் ஒளிவட்டம் இருக்கும். அப்படியானால் மெரோப்பியைச் சுற்றியுள்ளது முகிலா, பனியா? விடை அதே படத்துக்குள்ளேயே இருக்கிறது. கார்த்திகையில் அட்லஸ் என்று ஒரு மீன் உண்டு. அது மெரோப்பியைவிடப் பிரகாசமானது. ஒளிவட்டம் கண்ணாடியின் குற்றமானால் அட்லஸைச் சுற்றித்தான் கூடுதலாக இருக்க வேண்டும். சரியாக எடுத்த படங்களில் மெரோப்பியைச் சுற்றி அடர்ந்த முகிலும் அட்லஸைச் சுற்றி மிகக் குறைந்த முகிலும் காணப்படுகின்றன. மேலும் பனியால் வரும் வட்டம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். மெரோப்பியின் முகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இணையான இழைகளாகப் பிரிந்து ஓடுகிறது. கேமராவைத் திருப்பி வைத்து எடுத்தாலும் அந்த இழைகள் வானத்தோடு ஒட்டியே நிற்கும், கருவியோடு திரும்பாது.

இனி, கணக்கு. ஒளி துகள்களாக, ஒழுங்கில்லாத இடைவெளிகளில் வருகிறது. சராசரியாக நூறு துகள் வரவேண்டிய இடத்தில் ஒருமுறை 92 வரும், ஒருமுறை 107 வரும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, வரும் எண்ணிக்கையின் வர்க்கமூலம். படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் இரைச்சல் பெரும்பாலும் இதுவே. கேமராவின் ஒரு பிக்சலில் நொடிக்கு விண்முகிலிலிருந்து ஒரு துகளும் பின்னணி வானத்திலிருந்து ஒன்பது துகளும் பதிகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூறு நொடியில் முகிலின் பங்கு 100, வானத்தின் பங்கு 900, ஆக மொத்தம் ஆயிரம். அதன் ஏற்ற இறக்கம் சுமார் 32. முகில் இரைச்சலைவிட மூன்று மடங்கு உயர்ந்து, தட்டுத் தடுமாறித் தெரிகிறது. பத்தாயிரம் நொடி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், சேர்த்தால் முகிலின் பங்கு 10,000, மொத்தம் ஒரு லட்சம், ஏற்ற இறக்கம் 316. இப்போது முகில் இரைச்சலைவிட 32 மடங்கு உயர்ந்துவிட்டது. நேரத்தை நூறு மடங்காக்கினால் தெளிவு பத்து மடங்கு கூடுகிறது. பொறுமைக்குக் கூலி உண்டு, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஒரே நீண்ட ஒளியேற்றமாக எடுக்காமல், ஐந்து நிமிடப் படங்களாகப் பல எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் இந்தக் கணக்கையே செய்கிறது. நடுவே ஒரு விமானமோ செயற்கைக்கோளோ குறுக்கிட்டால் அந்த ஒரு படத்தின் கோட்டை மட்டும் நீக்கிவிடவும் வழி வைக்கிறது.

கணக்கில் முகிலின் பங்கை மனிதர் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வானத்தின் பங்கு. வானியலர்கள் வான வெளிச்சத்தைச் சதுர வில்நொடிக்கு இத்தனை ஒளித்தரம் என்று அளக்கிறார்கள். எண் கூடக் கூட இருள் கூடும். மிக நல்ல இருண்ட வானம் 22. விளக்குகள் நிறைந்த ஒரு நகரத்துக்கு 19 என்று கொள்வோம். மூன்று ஒளித்தர வேறுபாடு என்றால் பதினாறு மடங்கு வெளிச்சம். முந்தைய எடுத்துக்காட்டில் ஒன்பதாக இருந்த வானம் இங்கே 144 ஆகிறது. நூறு நொடியில் இரைச்சல் 120ஐத் தொட, முகிலின் 100 அதற்குள் மூழ்கிப்போகிறது. மலையில் ஒரு மணி நேரத்தில் எட்டும் தெளிவை எட்ட நகரத்தில் ஏறத்தாழப் பதினான்கரை மணி நேரம் வேண்டும். போடியிலிருந்து போடிமெட்டுக்குக் கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் சுமார் ஆயிரம் மீட்டர் உயர்ந்துவிடுகிறோம்; சமவெளியின் தூசியிலும் புகையிலும் பெரும்பகுதி கீழே தங்கிவிடுகிறது. விளக்குகளைக் கடந்து அத்தனை உயரம் ஏறுவது, பெரிய தொலைநோக்கி வாங்குவதைவிடக் கூடுதல் பலன் தரும்.

உயரம் மட்டும் போதாது என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. போடிக்கு வடக்கே நிற்கும் பழனி மலையில், கொடைக்கானலில், 1899இல் சூரிய வானாய்வகம் நிறுவப்பட்டது. சூரியனுக்குப் பஞ்சமில்லாத ஒளி உண்டு. தெளிந்த பகல் போதும். மங்கலான விண்மீன்களை ஆராய இடம் தேடிய வானியலர் வைணு பாப்பு, ஜவ்வாது மலையில் வெறும் 725 மீட்டர் உயரத்திலுள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய அந்த வானாய்வகத்தில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் இன்று பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. மேகமில்லாத இரவுகள், இருள், தெற்கு வானம் ஆகிய மூன்றும் உயரத்துக்கு ஈடாகக் கணக்கில் வந்தன. போடிச் சரிவுகளுக்கும் இதே தராசுதான். கார்த்திகை நள்ளிரவில் உச்சிக்கு வருவது நவம்பரில். அப்போது வடகிழக்குப் பருவமழை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து முகடுகளைத் தாண்டி மேகம் வழியும், காற்று தொலைநோக்கியை ஆட்டும். ஆகவே இந்தச் சரிவுகளில் விண்முகில்களுக்கு உரிய காலம் தையும் மாசியும்தான். அந்தக் குறுகிய காலத்துக்கு ஈடாக அட்சரேகை ஒரு பரிசு தருகிறது: பத்துப் பாகை வடக்கில் இருப்பதால் ரோசெட் இங்கே தலைக்கு நேர்மேலிலிருந்து ஐந்தே பாகை விலகிக் கடக்கிறது. லண்டனில் அது அடிவானத்திலிருந்து 44 பாகைக்கு மேல் எழாது. அங்கே அதன் ஒளி ஒன்றரை மடங்கு தடித்த காற்றைக் கடந்து வரவேண்டும்.

அதே அட்சரேகை ஒரு தொல்லையும் தருகிறது. புவி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. பிக்சலுக்கு இரண்டு வில்நொடி என்று அமைந்த கருவியில் ஒரே நொடியில் மீன் ஏழெட்டுப் பிக்சல் இழுபட்டுவிடும். அதை ஈடுகட்டச் சுழலும் தாங்கியின் அச்சு வானத்தின் வடதுருவத்தைக் குறிபார்க்க வேண்டும். துருவ மீன் இங்கே பத்துப் பாகை உயரத்திலேயே நிற்கிறது; வடக்கே மலை மறைத்தால் அது தெரியவே தெரியாது. அதனால் மேற்கொள்ளப்படும் மாற்று வழி, நடுவானத்தில் ஒரு மீனையும் கிழக்கில் ஒரு மீனையும் சில நிமிடம் பார்த்து, அவை வடக்கிலோ தெற்கிலோ விலகும் திசையிலிருந்து அச்சின் பிழையைக் கணித்துத் திருத்துவது. துருவ மீனைக் காணாமலேயே துருவத்தைக் கண்டுபிடிப்பதும், முகிலைக் காணாமலேயே அதைப் படமெடுப்பதும் ஒரே வகை நம்பிக்கையில் நிற்கின்றன: பிழை விட்டுச்செல்லும் தடத்தைக் கொண்டே பிழையை அளந்து நீக்கலாம்.

இந்த நீக்கல்தான் ஐயத்துக்கு உள்ளாகும் இடம். எடுத்த படத்திலிருந்து எதையோ கழிக்கிறார்கள், எதனாலோ வகுக்கிறார்கள் என்றால் மிஞ்சுவது வானம்தானா? போடியின் ஏலக்காய் வணிகத்தில் மூட்டையை நிறுத்து, சாக்கின் எடையைக் கழித்துத்தான் காய்க்கு விலை போடுகிறார்கள். கழித்ததனால் காயின் எடை பொய்யாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, கழிக்காவிட்டால்தான் சண்டை. கேமராவின் உணரிக்கும் அப்படி ஒரு சொந்த எடை உண்டு. ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் அதில் மின்னணுக்கள் ஊறுகின்றன. ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம் அது இரட்டிப்பாகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ அந்த அளவு குறையும் என்பதால், போடிமெட்டின் உயரம் அந்த ஊற்றைப் பாதியாக்கித் தருகிறது. எஞ்சியதை அளக்க, தொலைநோக்கியை மூடிவைத்து, அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் இருள்படங்கள் எடுத்துக் கழிக்கிறார்கள். வில்லை ஓரங்களில் ஒளி மங்குவதையும் தூசி நிழலையும் அளக்கச் சீரான வெளிச்சத்தைப் படமெடுத்து அதனால் வகுக்கிறார்கள். கழிப்பதும் வகுப்பதும் தனியே அளந்த எண்களைக் கொண்டு. விருப்பத்தைக் கொண்டு இல்லை.

கழிக்க முடியாத ஒரு விருந்தாளியும் வருவதுண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதிப் பிறக்கும் மியூவான்கள், தரை மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் எல்லாவற்றையும் துளைத்துச் செல்கின்றன. நான்கு சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உணரியில் ஐந்து நிமிடத்தில் இருபதுக்கு அருகே விழும். மலையில் சற்றுக் கூடும். ஒவ்வொன்றும் விண்மீன்போல ஒரு புள்ளியையோ சிறு கோட்டையோ விட்டுச்செல்லும். அடுக்கும்போது ஒரு படத்தில் மட்டும் இருந்து மற்றவற்றில் இல்லாத புள்ளியை நீக்குவதே இதற்கு மருந்து. இதே மியூவான்களுக்கு அஞ்சித்தான் போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே, நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள்; எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை மூடியிருந்தால் பின்னணி இரைச்சல் வடிகட்டப்படும் என்பது கணக்கு. 2015இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் தந்த அந்தத் திட்டம் உள்ளூர் எதிர்ப்பையும் வழக்குகளையும் சந்தித்தது. 2022இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. திட்டத்தைப் பற்றிய கருத்து எதுவாக இருந்தாலும், அரிய ஒன்றை அளக்க வேண்டுமானால் முதலில் பின்னணியைக் குறை என்ற விதி மலைக்கு உள்ளேயும் மலைக்கு மேலேயும் ஒன்றுதான்.

அடுத்த மறுப்பு நிறம் பற்றியது. கண் காணாத செம்மையும் நீலமும் கணினியில் பூசியவை என்பார்கள். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு விண்முகிலின் ஒளியை நிறப்பிரிகையால் பிரித்தபோது வானவில் கிடைக்கவில்லை. தனித்தனிக் கோடுகள் கிடைத்தன. ஒளிர்வது வாயு என்பதற்கு அதுவே சான்று. அவற்றில் பச்சைக் கோடுகள் எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாமல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் புதிராக நின்று, 1927இல் ஐரா போவனால் இரு மின்னணுக்களை இழந்த ஆக்ஸிஜனுக்குரியவை என்று தெளிந்தன. ரோசெட்டின் செம்மை 656.3 நானோமீட்டரில் ஹைட்ரஜன் உமிழும் ஒளி. நடுவிலுள்ள சில மில்லியன் ஆண்டே வயதான வெப்ப மீன்களின் புற ஊதாக் கதிரே அதைத் தூண்டுகிறது. கார்த்திகையில் 1912இல் வெஸ்டோ ஸ்லைஃபர் மெரோப்பி முகிலின் நிறமாலையைப் பதிவு செய்தபோது அது அந்த மீன்களின் நிறமாலையாகவே இருந்தது. அங்கே ஒளிர்வது வாயு இல்லை. மீனொளியைச் சிதறடிக்கும் தூசு. சிறு துகள்கள் நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் அந்த நீலம். பத்துக் கோடி ஆண்டளவு வயதான கார்த்திகை மீன்கள் பிறந்த முகில் எப்போதோ கலைந்துவிட்டது; இப்போது அவை வழியில் குறுக்கிட்ட வேறொரு தூசு மேகத்தைக் கடந்துகொண்டிருக்கின்றன. ஒன்று பிறந்த வீடு, மற்றது வழிப்போக்கு. சிவப்பும் நீலமும் அந்த வேறுபாட்டைச் சொல்கின்றன. வாங்கியபடியே உள்ள பல கேமராக்களில் செவ்வொளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் ரோசெட் வெளிறித் தெரிவதும், கந்தகம், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மூன்றுக்கும் வேறு நிறங்களை ஒதுக்கும் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் பாணிப் படங்களில் அது பொன்னிறமாவதும் உண்மைதான். எந்த நிறம் எந்த ஒளிக்கு என்று சொல்லிவிட்டால் அதில் ஏமாற்று இல்லை. சொல்லாமல் விட்டால் உண்டு.

இதைவிட வலுவான மறுப்பு இன்றைய மென்பொருளைப் பற்றியது. இரைச்சலை நீக்குவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு, தான் கற்ற படங்களிலிருந்து இல்லாத இழையை வரைந்துவிட்டால் என்ன செய்வது? இந்த ஐயம் நியாயமானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் சோதிக்க வழி உண்டு. எடுத்த படங்களை இரண்டு பாதியாகப் பிரித்து, மென்பொருளின் அலங்காரம் எதுவும் இல்லாமல் தனித்தனியே அடுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே இடத்தில் தெரியும் இழை வானத்துக்குரியது. ஒன்றில் மட்டும் தெரிவது இரைச்சலுக்குரியது. இரண்டிலும் இல்லாமல் இறுதிப் படத்தில் மட்டும் முளைத்தது மென்பொருளுக்குரியது. மூலப்படங்களைப் பாதுகாத்துவைக்காதவரின் படம் அழகாக இருக்கலாம், சான்றாகாது.

ஹப்பிள், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் இருக்கும்போது மலைச்சரிவில் ஒரு சிறு தொலைநோக்கிக்கு என்ன வேலை என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஹப்பிளின் அகன்ற கேமராவின் பார்வை 2.7 வில்நிமிடம், ரோசெட்டின் விரிவு சுமார் 80. முழுவதையும் மூட எண்ணூறுக்கு மேற்பட்ட படங்கள் வேண்டும். 400 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள சிறு தொலைநோக்கி அதை ஒரே சட்டத்துக்குள் அடக்கிவிடும். 2004 ஜனவரியில் அமெரிக்காவின் ஜே மெக்நீல் மூன்று அங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில், ஓரியன் பகுதியில் அதுவரை அறியப்படாத ஒரு விண்முகில் ஒளிர்ந்திருந்தது. பிறந்துகொண்டிருந்த ஒரு மீன் திடீரென்று பிரகாசமடைந்ததன் விளைவு அது. 2022இல் மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்டி ஆகிய தொழில்முறை சாராத வானியலர்கள், நூறு மணி நேரத்துக்கு மேல் ஒளி சேர்த்து, ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்துக்கு அருகே பெரிய ஆக்ஸிஜன் வில் ஒன்றைக் கண்டறிந்தார்கள். உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட விண்மீன் மண்டலத்தின் பக்கத்தில் அது இத்தனை காலம் மறைந்திருந்தது. அதையும் வேறு கருவிகளில் வேறு இடங்களில் மறுபடி எடுத்துப் பார்த்தபின்பே ஏற்றுக்கொண்டார்கள். புல்கோவோவின் மறுபார்வை 1886இல் செய்த வேலையும் இதுதான்.

கடைசியாக, இந்த வாதத்திலிருந்து போடிச் சரிவுகளுக்கு ஒரு முடிவு கிடைக்கிறது. ரோசெட் ஒரு சில தனி அலைநீளங்களில் மட்டும் ஒளிர்வதால், அந்த அலைநீளங்களை மட்டும் விடும் குறுகிய வடிகட்டியைப் போட்டு நகரத்திலிருந்தும் ஓரளவு எடுத்துவிடலாம். கார்த்திகையின் முகில் மீனொளியையே திருப்பித் தருவதால் அதன் ஒளி எல்லா நிறங்களிலும் பரந்திருக்கிறது. வெள்ளை எல்இடி தெருவிளக்கும் அப்படியே. இரண்டையும் பிரிக்கும் வடிகட்டி கிடையாது, இருக்கவும் முடியாது. வெளிச்சம் ஏறிய வானத்தில் பணம் கொடுத்து வாங்கும் எந்தக் கருவியும் அந்த நீல இழைகளுக்காகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. விளக்குக்கு மூடி போட்டு ஒளியைச் சாலைமேல் மட்டும் விழவைக்கும் ஓர் உள்ளாட்சி அமைப்பால் அதைவிடக் கூடுதலாகச் செய்ய முடியும்.